அரை நொடி

அன்று மதியம் அவள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "ஆச்சு" என்று பதில் வந்துவிட்டது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. கணவன் நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் மெக்கானிக். அவள் ஊருக்கு வெளியே பொட்டலில் தனியாக நிற்கும் தரைநிலையத்தில் ஆபரேட்டர். இருவருக்கும் நடுவே ஒரு செயற்கைக்கோள். பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தானும் சுற்றுவதால், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஆணியடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும். அவள் குரல் அங்கே ஏறி இறங்கி, அவன் குரலும் அதே வழியில் ஏறி இறங்கி வர அரை நொடி ஆகும். யார் தலைகீழாக நின்றாலும் அதைக் குறைக்க முடியாது. கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்த அரை நொடிக்குள்தான் கழிந்திருந்தது. கேட்பாள், காதுக்குள் மெல்லிய இரைச்சல், பிறகு அவன். நம் வீட்டில் சண்டைகூட வரிசையில் நின்றுதான் வருகிறது என்று அவன் கிண்டல் செய்வான்.

"லைன் இன்னைக்குச் சுத்தமா இருக்கே" என்றாள்.

"பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குல்ல, குள்ளி?"

இடைவெளியே இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள். வருடத்தில் இந்தச் சில நாட்கள், பகலில் கொஞ்ச நேரம், சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் மற்றதெல்லாம் மூழ்கிப்போகும். காலையில் அவளே எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பியிருந்தாள். இப்போது அந்த நேரம்தான். எல்லாத் தடங்களும் சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே டிஷ்ஷின் நிழல் சுருங்கிக் கிடந்தது. விசிறிகளின் முனகலோடு சூடேறிய தூசியின் வாடை. காவலாளி இருக்கும் கேட், கூப்பிட்டால் கேட்காத தூரம்.

மேலிருந்து எதுவும் வரவில்லை. அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி. அவள் இளைத்துவிட்டதைப் பற்றி.

"பச்சை உனக்கு நல்லா இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். புதுச் சட்டை. இன்றுதான் முதல்முறை போட்டிருந்தாள்.

"நீங்க..."

"இங்கதான்."

எங்கே என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள். குரல் நிற்கவில்லை. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால். கருவி அறையிலிருந்து. எப்போதும் குளிரூட்டி ஓடும் அறை. கண்ணாடி வைத்த கதவு. காலையில் அவளே பூட்டியது.

திரையில் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. சூரியன் விலகிவிட்டது. உடனே மேஜை போன் அடித்தது. எடுத்தாள். பழகிய இரைச்சல்.

"குள்ளி, ரொம்ப நேரமா லைனுக்கு முயற்சி பண்றேன். இப்பதான் கெடச்சுது. சாப்பிட்டியா?"

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா? யாராவது இருக்கீங்களா அங்க?"

"நான் இருக்கேன்" என்றது பின்னாலிருந்து, அதே குரல்.

அரை நொடி.

போனில் அவன் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். பிறகு, மிக மெதுவாக, "அது யாரு?"

அவள் திரும்பினாள். கருவி அறைக் கண்ணாடியில், அவள் எக்கினாலும் எட்டாத உயரத்தில், உட்புறமாக, மூச்சுப் பட்டாற்போல் ஒரு வட்டம் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது.