ஞாயிற்றுக்கிழமை நண்டு

நண்டின் காலை உடைத்ததுமே ஜெசிதாவுக்குச் சந்தேகம் தட்டியது. சதை நீர்த்துப்போய்ப் பஞ்சாகப் பிய்ந்தது... முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மீனவர் ஊரான குருநகர்ப் பெண்ணிடம் பழைய நண்டை மறைக்க முடியுமா?

பிரான்சிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் கனிசியஸ்தான் அவளை இந்த உணவகத்துக்கு இழுத்துவந்தவன். கீழே மதுக்கூடம், மேலே குடும்பங்களுக்குச் சாப்பாட்டறை. வெளியே மழை சோவென்று கொட்டியது.

"பொறுப்பான ஆளைக் கூப்பிடுங்கோ!"

வந்தவன் இளைஞன். இமை நீண்ட, பெரிய கண்கள்... அவளைக் கண்டதும் அவை தரையைத் தேடின. கள்ளன்!

"எங்கை எடுத்த நண்டு?"

"குருநகர் கிறிஸ்ரோபர் ஐயாட்டை... இண்டைக்குத்தான்..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிறிஸ்ரோபர் அவள் அப்பா! அவர் பெயரில் இப்படி விற்றால் நாளை யார் அவரிடம் வாங்குவார்கள்?

"இண்டைக்கு ஞாயிறு, பூசை நாள். எங்கடை ஆக்கள் கடலுக்குப் போறேல்லை. பொய்க்கும் ஒரு அளவு வேணும்!"

அவன் முகம் வெளுத்தது. "இண்டைக்கு இல்லைத்தான்... ஆனா அவரிட்டைத்தான் எடுத்தது."

"காட்டுங்கோ பாப்பம்."

கனிசியஸ் வாய் பிளந்திருக்க, அவள் சமையலறைக்குள் போனாள். அந்த இளைஞன் தயங்கித் தயங்கி ஐஸ்பெட்டியைத் திறந்தான். விளிம்புவரை நண்டுகள்... எல்லாக் கொடுக்குகளிலும் சிவப்பு நூல், ஓரத்தில் சின்னச் சுருக்கு. அவள் கையால் போட்ட கட்டு! குருநகரில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"விக்காமல் ஏன் இவ்வளவு வாங்கினனீங்கள்?"

அவன் கண்கள் மூலைக்கு ஓடின. அங்கே ஒரு கறுப்பு ஹெல்மெற் தொங்கியது. காலையில் கரைக்கு வந்து, ஹெல்மெற்றைக் கழற்றாமலே அப்பாவிடம் நண்டு வாங்கிப்போகும் ஒருவன்... முகம் காட்டாத அவனையும் கள்ளனோ என்று அவள் சந்தேகப்பட்டதுண்டு.

"அந்த ஹெல்மெற் ஆள்... நீங்களோ?"

"ஓம். கோபிசங்கர். ஊர் அளவெட்டி. நாங்கள் சைவம்... நண்டை வாயிலை வைச்சதேயில்லை. ஐஸிலை கிடந்தாலும் பழுதாகும் எண்டு சத்தியமாத் தெரியாது."

"பிறகேன் நெடுக வாங்கினனீங்கள்?"

"நீங்கள் குனிஞ்சு நண்டு கட்டிக்கொண்டிருப்பியள்... உங்களைப் பாக்க வேணும். வெறுங்கையோடை திரும்பினால் உங்கடை அப்பா சந்தேகப்படுவாரெல்லோ?"

அவ்வளவு கோபமும் எங்கே போனது? ஜெசிதாவுக்குக் கன்னம் சுட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு அதட்டினாள்.

"உதெல்லாத்தையும் இண்டைக்கே குழி வெட்டித் தாட்டுப்போடுங்கோ. அப்பான்ரை பேர் கெடக்கூடாது."

"ஓம்... அப்ப நாளைக்கு எவ்வளவு எடுக்க?"

வாசலில் அவள் நின்றாள். திரும்பவில்லை.

"ஒண்டும் எடுக்க வேண்டாம். ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டு வெறுங்கையோடை வாங்கோ... நான் நிமிந்து பாப்பன்."