வெள்ளி பதித்த வாளி

தொட்டித் தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. அதையே அந்தப் பித்தளை வாளியில் மொண்டால் மட்டும், யாரோ அப்போதுதான் குளித்துவிட்டு எழுந்து போனதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. செல்லாயி விரலை முக்கி எடுத்து முகர்ந்தாள். வாடிய ரோஜாவும், அதற்கடியில் துருவும் கலந்த ஒரு வாடை.

அவள் புருஷன் பத்துமலை லோரி ஓட்டுகிறவன். சுங்கை சிப்புட் பக்கம் ஓர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது, துரை பங்களாவின் சாமான்களை ஈப்போவுக்கு ஏற்றி வந்தான். வேண்டாமென்று ஒதுக்கியவற்றில் இருந்த வாளியை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அவனிடம் தள்ளிவிட்டார்.

“பாரசீகத்துச் சாமானாம். எழுநூறு வருஷத்துக்கு முந்தி எவனோ பிரபு குளிச்ச வாளியாம். கிராணி சொன்னாரு,” என்றான்.

பித்தளையில் உளியால் பள்ளம் வெட்டி, அதில் வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பதித்திருந்தார்கள். குதிரைக்காரர்கள், வேட்டை நாய்கள், கொடிகள். விளிம்பைச் சுற்றி அரபு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தின் உச்சியிலும் ஒரு மனிதத் தலை. பாதி வெள்ளி உதிர்ந்துபோய், வெறும் பள்ளங்கள் கறுத்துக் கிடந்தன.

அவன் அந்த வாளியில் குளிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், அவன் முதுகைத் தேய்த்துவிடும்போதுதான் பார்த்தாள். தோளுக்குக் கீழே மெல்லிய கோடுகள். கீறல் என்று நினைத்து நகத்தால் தடவினாள். நகம் உள்ளே இறங்கியது. ரத்தம் வரவில்லை.

“என்னங்க இது? வலிக்கலயா?”

“என்னா வலி? ஒன்னும் இல்ல லா. நல்லா தேயி.”

கோடுகள் வளர்ந்தன. இடுப்பருகே ஒரு நாயின் கால்கள். மறுநாள் அதன் வால். பத்துமலை வேலைக்குப் போவதை நிறுத்தினான். மத்தியானம் குளிக்கப் போனால் பொழுது சாயும்வரை வெளியே வருவதில்லை. தகரக் கூரையில் விழும் மழைக்கும், அவன் ஊற்றிக்கொள்ளும் தண்ணீருக்கும் அடியில், பொற்கொல்லன் பட்டறையில் கேட்பதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டிக். டிக்.

“பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாங்க,” என்று கெஞ்சினாள்.

“எதுக்கு? இப்பதான் ஒடம்பு சொகமா இருக்கு.”

சனிக்கிழமை அவன் அசந்து தூங்கியபோது, வாளியைக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைக்குப் போனாள். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசினாள். கலங்கிய தண்ணீரில் அது சற்று மிதந்து, ஒரு பெருமூச்சோடு அமிழ்ந்தது. நெஞ்சு லேசானது. இனி அவன் தேறிவிடுவான் என்று மழையில் நனைந்தபடியே திரும்பினாள்.

வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது.

கட்டிலில் ஆள் இல்லை.

தண்ணீர் ஊற்றும் சத்தமும் இல்லை.

டிக். டிக். டிக்.

“என்னங்க?”

குளியலறைத் தகரக் கதவைத் தள்ளினாள். ரோஜா வாடை முகத்தில் அடித்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகு இந்தப் பக்கம். அதில் ஒரு பள்ளமும் காலியாக இல்லை. எல்லாம் வெள்ளி. பளபளவென்று. தோளிலிருந்து இடுப்புவரை வரிசை வரிசையாக எழுத்துகள்.

எழுத்துக்கு ஒரு தலை.

பத்துமலை மெல்லத் திரும்பினான். முகம் இருந்த இடம் வழவழவென்றிருந்தது. கண்ணுக்கு இரண்டு பள்ளம். மூக்குக்கு ஒன்று. வாய்க்கு ஒன்று. வெறும் கோடுகள், இன்னும் எதுவும் பதிக்காமல்.

ஆனாலும் அவன் குரல் கேட்டது. முதுகுப் பக்கமிருந்து. அத்தனை தலைகளின் குட்டி வாய்களும் ஒன்றாகத் திறந்து, அன்பாக:

“உள்ள வா, செல்லாயி. முதுகக் காட்டு.”