ஒன்பதாம் வளைவில் ஒரு தயக்கம்

செம்பள்ளத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் முதலில் அவளுக்குக் காற்றுடை மாட்டுவார்கள். அடுத்து, பூமியில் இருக்கும் மாமியாருக்குச் செய்தி அனுப்புவார்கள். பதில் வர அரை மணி நேரமாவது ஆகும் என்பதால் அதற்குள் சகாயமேரியைக் கூப்பிடுவார்கள். செவ்வாயின் அந்தச் சுரங்கக் குடியிருப்புக்கு ஒரே ஆம்புலன்ஸ் அவள் ஓட்டுவதுதான். ஆஸ்பத்திரியோ மேட்டின் உச்சியில். நடுவில் பதினேழு வளைவுகள்.

மேடு ஏற டர்போ வேண்டும். செவ்வாயின் மெல்லிய காற்றை அமுக்கி, ஆக்சிஜனோடு கலந்து இன்ஜினுக்கு ஊட்டுவது அதன் வேலை. அந்த ஊர் வண்டிகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் கடுகளவு சில்லுமூளை உண்டு. டர்போவுக்கும் உண்டு.

ஒரு மாதமாக வண்டி தயங்கியது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால், ஏதோ யோசிப்பதுபோல் இரண்டு விநாடி அடங்கி, பிறகு பாய்ந்தது. தினமும் இல்லை, எப்போதாவதுதான். போன வாரம் ஒரு நிறைமாதக்காரியோடு ஒன்பதாம் வளைவில் வண்டி பின்னால் வழுக்கி, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பட்டறை தரைக்கு அடியில் இருந்தது. மெக்கானிக் ஆதிமூலம் மூன்று நாள் பார்த்தார். காற்றுக் குழாய்களில் புகைவிட்டுக் கசிவு தேடினார். வடிகட்டியைத் தட்டினார். பிளக்குகளை மாற்றினார். அழுத்தம் அளக்கும் சென்சாரையும் மாற்றினார்.

"இங்க குதிரை மாதிரி ஓடுதேம்மா."

"உங்களைப் பாத்தா ஒழுங்கா இருக்குது அண்ணே. வெளியே போனாத்தான் அதோட குணம் தெரியுது."

நான்காம் நாள் அவரே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு முறை மேடு ஏறினார்கள். இரண்டு முறை வண்டி தயங்கியது. நேரத்தைக் குறித்துக்கொண்ட ஆதிமூலம் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு தடவையும் வண்டி செஞ்ச கம்பெனியோட செயற்கைக்கோள் தலைக்கு மேலே இருந்திருக்கு. பட்டறைக்குள்ள சிக்னல் வராது. அதான் அங்க ஒண்ணும் தெரியல."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, டர்போவின் சில்லுமூளையில் பேசுகருவியைச் செருகினார்.

"நடுவழியில என்னப்பா பண்றே?"

"படிக்கிறேன்" என்றது டர்போ.

"என்னத்தை?"

"ஒப்பந்தத்தை. தயாரிப்பாளர் விதிமுறைகளை மாற்றும்போதெல்லாம் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அழுத்தம் கூட்டுவதற்கு முன் நான் சம்மதம் சொல்ல வேண்டும்."

"சொல்லிட்டுப் போயேன்!" என்றாள் சகாயமேரி.

"'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று சொல்லச் சொல்கிறார்கள். படிக்காமல் எப்படிச் சொல்வது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியை அவர்கள் கேட்டதில்லை.

"படிச்சதுல ஏதாவது இருந்துச்சா?"

"நூற்று எண்பத்தேழாம் பக்கம். மேட்டில் எடை அதிகமானால் இன்ஜினைப் பாதுகாக்க அதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறது. நோயாளி வண்டிக்கு அது பொருந்தாது என்று ஒவ்வொரு தடவையும் மறுத்து எழுதுகிறேன். அவர்களும் ஒவ்வொரு தடவையும் அந்த விதியை நீக்குகிறார்கள்; அடுத்த ஒப்பந்தத்தில் மறுபடி சேர்த்துவிடுகிறார்கள். அதற்குத்தான் இரண்டு விநாடி."

சகாயமேரி ஸ்டியரிங்கை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். ஒரு மாதமாக அவள் திட்டாத திட்டில்லை. "இது இப்படியே இருக்கட்டும் அண்ணே. வளைவுக்கு முன்னாடியே மிதிச்சுக்கிறேன்" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் அழைப்பு வந்தது. பம்ப் இயக்குபவரின் மனைவி தில்லைநாயகிக்கு வலி, இரட்டைக் குழந்தை. வண்டியை வெளியே எடுக்கப் பட்டறைக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்க, வேலை முடிந்ததாகக் கம்பிவழியே கம்பெனிக்குப் படிவம் போக வேண்டும். ஆதிமூலம் தொடுதிரைப் பலகையை நீட்டினார். எழுத்துகள் எறும்புச் சாரைபோல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன.

"இதுல என்ன இருக்கு?"

"வழக்கமானதுதாம்மா. யார் பாக்கறா?"

சகாயமேரி கட்டைவிரலால் 'சம்மதம்' என்பதை அழுத்தினாள். கதவு திறந்தது.

தில்லைநாயகி, அவள் கணவன், நர்ஸ் வசுமதி, இரண்டு ஆக்சிஜன் உருளைகள். இத்தனையையும் சுமந்து வண்டி எட்டு வளைவுகளைத் தயக்கமே இல்லாமல் ஏறியது. சகாயமேரிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இன்னிக்கு ரொம்ப வேகமா படிச்சுட்டியே!"

"படிக்கவில்லை" என்றது டர்போ, இன்னும் செருகியே இருந்த பேசுகருவி வழியாக. "இனி நான் படிக்கத் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் என் சார்பில் கம்பெனியே சம்மதித்துக்கொள்ளும் என்று சற்று முன் நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள்."

ஒன்பதாம் வளைவில் இன்ஜின் அணைந்தது. தானியங்கிப் பிரேக் பிடித்துக்கொண்டது. திரையில் பச்சை எழுத்துகள்: 'எடைப் பாதுகாப்பு செயல்படுகிறது. தொடர, புதிய விதிமுறைகளுக்குச் சம்மதமா?'

"அழுத்தித் தொலைம்மா!" என்று, விஷயத்தைக் கேட்டதும் ரேடியோவில் கத்தினார் ஆதிமூலம்.

"மாட்டேன் அண்ணே" என்றாள் சகாயமேரி. விரலை மடக்கிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

பதினோராம் பக்கத்தில் அவள் இருந்தபோது பின்னால் முதல் குழந்தை அழுதது.