குன்றின் நடுவே நீலத் தார்ப்பாய்

ஜனவரி மாதத்தில் பெஜாயா துறைமுகத்தை ஒட்டிய குன்றுகளின் மேல் வீசும் கடல்காற்று முதலில் காதைத்தான் பிடிக்கும். அதனால் தனினா கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். அவளுடைய வகுப்புத் தோழன் ஜூபா தொப்பியே போடவில்லை. அப்பாவுக்குத் தன் முகம் தெரிய வேண்டுமாம்.

"கப்பல்லேருந்து பார்த்தா நீயே ஒரு புள்ளி. இதுல முகம் வேறயா?" என்றாள் தனினா.

"அவர்கிட்ட பைனாகுலர் இருக்கு" என்றான் ஜூபா.

ஜூபாவின் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். இன்று மதியம் அவருடைய கப்பல் கிளம்புகிறது. இனி கோடையில்தான் திரும்புவார். போன முறை அவர் கிளம்பியபோது ஜூபா காய்ச்சலில் படுத்துக் கிடந்தான். கையசைக்கக்கூட முடியவில்லை. அதனால் இந்த முறை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். ஜூபா குன்றின் உச்சிப் பாறையில் நிற்க வேண்டும். கப்பல் கீழே கடல்முனையைச் சுற்றும்போது அப்பா அவனைத் தேடிப் பார்ப்பார். பார்த்துவிட்டால், கேப்டனிடம் சொல்லி ஒரு தடவை கப்பலின் சங்கை ஊத வைப்பார்.

ஜூபாவின் குடும்பம் சமவெளியிலிருந்து இங்கே குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவனுக்கு மலைப்பாதை தெரியாது. தனினாவுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். அவள் கூடப் போவதாகச் சொன்ன பிறகுதான் ஜூபாவின் அம்மா சரி என்றார்.

முதல் வளைவிலேயே தனினா எச்சரித்தாள். இங்கே குரங்குகள் உண்டு, தின்பண்டத்தை வெளியே எடுக்காதே என்றாள். ஜூபா தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்தான். அது அவன் வாய்க்குப் போகவில்லை. பாறை மேல் உட்கார்ந்து அதை மென்ற குரங்கு, இன்னொன்று இருக்கிறதா என்பதுபோல் அவனைப் பார்த்தது.

பாதி தூரம் ஏறியதும் ஒலிவத் தோப்பு வந்தது. ஒரு மரத்தடியில் பெரிய நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. தனினாவின் ஊர்க்காரரான வர்தியா அத்தையின் மகன்கள் இருவர் கிளைகளில் ஏறிக் காய்களை உருவிப் போட, அத்தை கீழே பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கடவுள் உங்களுக்குப் பலம் தரட்டும், அத்தை" என்று தனினா கூவினாள். கூவிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒலிவம் பறிப்பவர்களுக்கு அப்படி வாழ்த்துச் சொன்னவர்கள் சும்மா தாண்டிப் போகக் கூடாது. ஒரு கூடையாவது நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் ஜூபாவுக்கு எரிச்சல் வந்தது. "ஏன் வாயத் திறந்த?"

"நான் எங்க திறந்தேன்? பழக்கத்துல அதுவா திறந்துக்கிச்சு."

எதுவும் சொல்லாத மாதிரி நடந்துவிடலாம் என்றான் ஜூபா. தனினா வானத்தைக் காட்டினாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆலங்கட்டி விழுந்தால் இத்தனை காயும் நசுங்கிப் போகும். அத்தையின் கணவர் எண்ணெய் ஆட்டும் இடத்தில் வரிசையில் நிற்கிறார். இங்கே மூன்று பேர்தான். மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒரே ஒரு கூடை, முடித்துவிட்டுப் போய்விடலாம் என்றாள்.

கூடையைப் பார்த்ததும் ஜூபாவுக்கு மூச்சு நின்றது. அதற்குள் அவனே சம்மணம் போட்டு உட்காரலாம்.

குளிரில் விரல்கள் விறைத்தன. இருவரும் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கினார்கள். ஜூபா அவசரத்தில் இலைகளையும் சேர்த்து அள்ளிப் போட்டான். எண்ணெய்க்கு வாசனை சேர்க்கிறாயா என்று மரத்தின் மேலிருந்து ஒரு குரல் கேலி செய்தது.

கூடை நிறைந்தது. நிமிர்ந்த ஜூபா அப்படியே நின்றுவிட்டான். துறைமுகச் சுவரைத் தாண்டி அப்பாவின் கப்பல் வந்துகொண்டிருந்தது. வானிலை கெடும் முன்பே கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

"ஓடலாம், வா" என்றான்.

தனினா பாதையைப் பார்த்தாள். இங்கிருந்து அது குன்றின் மறுபக்கம் திரும்பிப் போகிறது. உச்சி வரும்வரை கடலே தெரியாது. அதற்குள் கப்பல் முனையைக் கடந்துவிடும். அங்கேயும் இருக்க மாட்டோம், இங்கேயும் இருக்க மாட்டோம்.

"இரு, ஜூபா. பாறைல உன்னைக் காணலன்னா உங்க அப்பா என்ன பண்ணுவாரு?"

"ஏமாந்து போவாரு."

"அதுக்கு முன்னாடி?"

ஜூபா யோசித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அவன் வரத் தாமதமானால் அப்பா வாசலில் காத்திருக்க மாட்டார். தெருவோடு நடந்து வந்துவிடுவார்.

"வழியெல்லாம் தேடுவாரு" என்றான் மெதுவாக.

"நாம வழியிலதானே இருக்கோம்? கண்ணுல படற மாதிரி நின்னா போதும்."

அவள் அத்தையிடம் ஓடினாள். நடந்ததைச் சொல்லி, தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் தர முடியுமா என்று கேட்டாள். அதன் மேல் காலையிலிருந்து பறித்த காய்கள் குவிந்து கிடந்தன. கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வர்தியா அத்தை கடலை ஒரு முறை பார்த்தார்.

"எனக்குக் கூடை நிறைச்சுக் குடுத்திருக்கீங்க. உங்க வேலைக்கு நான் கை கொடுக்காம இருப்பேனா? டேய், இறங்குங்கடா."

ஐந்து பேரும் காய்களைச் சாக்குகளில் கொட்டினார்கள். சில உருண்டு சரிவில் ஓடின. யாரும் துரத்தவில்லை. பிறகு தார்ப்பாயைக் கடல் தெரியும் வரப்புக்கு இழுத்துவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். காற்று அதைப் பாய்மரம்போல் உப்ப வைத்தது. நடுவில் நின்ற ஜூபாவின் கால் தரையை விட்டு எழும்பியது. தனினா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேலே, கீழே. மேலே, கீழே" என்று அவள் சொல்லச் சொல்ல நீலத் துணி படபடத்தது.

கப்பல் முனையை நெருங்கியது. சத்தமே இல்லை. அதன் முன்பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்போதும் சத்தம் இல்லை. ஜூபாவின் கண்ணில் நீர் முட்டியது.

"நிறுத்தாதீங்க" என்றாள் தனினா. "இப்பதான் பாறையைப் பார்த்து முடிச்சிருப்பாரு. இனிமேதான் வழியைப் பார்ப்பாரு."

மேலே, கீழே.

குன்றே அதிரும்படி சங்கு முழங்கியது. மரத்திலிருந்த குருவிகள் எல்லாம் பறந்தன. ஜூபா தார்ப்பாயை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சங்கு மறுபடியும் முழங்கியது. இந்த முறை இன்னும் நீளமாக.

"ஒண்ணுதானே சொன்னாரு?" என்றான் ஜூபா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இத்தனை பேரு நின்னு ஆட்டியிருக்கோம், ஒண்ணு எப்படிப்பா பத்தும்?" என்றார் வர்தியா அத்தை.