பென்ரிட்ஜ் கப்பலின் பித்தளைத் தகடு

“கதவு மூடியிருந்தா அந்த வரிய அடிச்சிடறேன். திறந்திருந்தா, அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

கப்பலைப் பற்றிப் புத்தகம் எழுதும் வைத்தியலிங்கம் சார் சொல்லி வாயை மூடவில்லை, பிரிஜிட்டா காலில் அலுமினியத் தட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற பெண்கள் இப்படித்தான் இறங்குவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரலில் துணிச்சுற்று, கண்ணில் கண்ணாடி, துடுப்பு மாதிரி உதைக்கக் காலில் தட்டு. முக்குளிக்க அவ்வளவு போதும்.

அந்த வரி இதுதான்: ‘கொதிகலன் அறை ஊழியர் லூர்து கதவைத் திறந்து போட்டதால் கப்பல் மூழ்கியது.’ லூர்து, பிரிஜிட்டாவின் அப்பாவைப் பெற்றவர். கப்பலோடு போய்விட்டார். எண்பது வருஷமாக ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பெயர் ‘கப்பலைக் கவுத்த வீடு’. இப்போது அதை சார் புத்தகத்திலேயே போடப்போகிறார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

போன மாதப் புயலில் மணல் விலகி, நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழத்தில், யுத்தகாலத்து வெள்ளைக்காரக் கப்பல் பென்ரிட்ஜ் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பது தெரிந்தது. அதன் நேர் மேலே இப்போது அவர்கள் வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. வள்ளம் அவள் சித்தப்பா மகன் சூசையுடையது. அடியில் பொத்தல், தண்ணீர் கசிந்தபடியே இருந்தது.

“அருமையான டிசைன் அம்மா,” என்றார் சார், வரைபடத்தை மடியில் விரித்து. “திமிங்கல வேட்டைப் படகைப் பாத்து, அவசரத்துக்குக் கட்டினது. பனிக்கடல்ல நீர்மூழ்கிய விரட்டின ஜாதி.”

“பனிக்கடலுக்குக் கட்டினத எதுக்கு இந்த வெயில்ல கொண்டாந்து விட்டாய்ங்க? உள்ள அவிஞ்சிருக்க மாட்டாய்ங்க?”

“யுத்தம்னா அப்படித்தான். ஒரு நாள் நீர்மூழ்கின்னு சந்தேகப்பட்டு முழு வேகத்துல திரும்பியிருக்கு. ஒரேயடியா சாஞ்சு, நாலே நிமிஷம்.”

“அது நீர்மூழ்கிதானா சார்?” சூசை கேட்டான்.

சார் தொண்டையைச் செருமினார். “உங்க ஊர் ஆவுளியா, அந்தக் கடற்பசுவா இருக்கலாம்னு விசாரணையில ஒருத்தர் சொல்லியிருக்கார்.”

பிரிஜிட்டா தண்ணீரில் துப்பினாள். “ஆவுளியாவுக்குப் பயந்து கவுந்த கப்பலு. அதுக்கு நீங்க ஒரு புத்தகம்.”

சார் கொடுத்த சின்ன கேமராவைக் கழுத்தில் மாட்டி, இடுப்புக் கயிற்றைச் சூசையிடம் கொடுத்தாள். “ரெண்டு தரம் இழுத்தா தூக்கு. பராக்குப் பாக்காத.”

மூச்சை நிரப்பிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தாள். கீழே இங்கிலீஷ் ராஜாவின் அவ்வளவு பெரிய கப்பல், ஒருக்களித்துப் படுத்த எருமை மாதிரி கிடந்தது. பிய்ந்த தளத்துக்குள் கையால் தடவி இறங்கினாள். வரைபடத்தில் சார் காட்டியிருந்த இரும்புக் கதவு. சுற்றிலும் ஆறு கைப்பிடிகள், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திருகக்கூடியவை. ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஆறும் கடைசிவரை திருகி இறுக்கியிருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம்தான் தாத்தாவின் கொதிகலன். தன்னை உள்ளே வைத்தே பூட்டியிருக்கிறார். உள்ளங்கையைக் கதவில் ஒரு நொடி வைத்தாள். நெஞ்சு முட்டியது. படமெடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“மூடித்தான் இருக்கு. ஆனா பாருங்க, எந்த வழியாவோ தண்ணி உள்ள வந்திருக்கு இல்லையா? அது தெரியாம நான் எப்படி மாத்தி எழுதறது?”

“எங்க தாத்தாவ எழுதுறப்ப எந்த வழின்னு பாத்தா எழுதுனீங்க?”

பிரிஜிட்டா மறுபடி இறங்கினாள்.

இந்த முறை அதிகாரிகள் தங்கும் பக்கம். வரிசையாக நாலு வட்ட ஜன்னல்கள். கடலில் போகிற கப்பலில் முதலில் மூடவேண்டியது அதைத்தானே? நாலும் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வளைந்த தகடு ஒன்று, கையேந்துகிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு காலையும் கப்பலில் ஊன்றி இழுத்தாள். காலில் கட்டிய தட்டு நெளிந்து போனது, தகடும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் பின்னால் போனவளைப் பழைய வலை ஒன்று தோளோடு பிடித்துக்கொண்டது.

உதறினாள். இன்னும் இறுகியது. கண்ணில் பொட்டுப் பொட்டாக இருட்டு. தகட்டை விட்டால் இரண்டு கையாலும் அவிழ்க்கலாம். விடவில்லை. அதன் விளிம்பாலேயே வலையை அறுத்தாள். ஒரு இழை, இரண்டு, மூன்று. கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள்.

சூசை பராக்குப் பார்க்கவில்லை. அள்ளித் தூக்கி வள்ளத்தில் போட்டான்.

“செத்துகித்துத் தொலைஞ்சிராத யக்கா,” என்றான்.

அவள் இருமி முடித்து, களிம்பேறிய பித்தளைத் தகட்டைச் சாரின் மடியில் போட்டாள். “இது என்ன? நாலு ஜன்னல்லயும் இருக்கு. எழுத்து வேற வெட்டியிருக்கு.”

அவர் துடைத்துப் படித்தார்.

“அதிகாரிகள் அறைன்னு போட்டிருக்கு. இது காத்துத் தகடு. புழுக்கத்துக்கு ஜன்னல்ல செருகி வச்சா, கப்பல் போற வேகத்துல காத்த உள்ள தள்ளும். சண்டைன்னு மணி அடிச்சதும் எடுத்துட்டு ஜன்னல மூடணும்.”

“மூடல.”

“மூடல. கப்பல் சாஞ்சப்போ காத்துக்குப் பதிலா கடல அள்ளி உள்ள விட்டிருக்கு.”

“அவுங்க காத்து வாங்கினாய்ங்க. கதவ மூடிக்கிட்டுச் செத்தவரு எங்க தாத்தா. பேனாவ எடுங்க சார்.”

எடுத்தார். பையிலிருந்த அச்சுப்படியில் அவள் கண் முன்னாலேயே அந்த வரியை அடித்தார். கீழே எழுதியதை உரக்கப் படித்தார்: “லூர்து தன் கதவை மூடியிருந்தார். அதிகாரிகள் தங்கள் ஜன்னல்களை மூடவில்லை.”

“இப்பதான் கப்பலப் பத்தி எழுதியிருக்கீங்க,” என்றாள்.

அவர் தலை குனிந்தார். “முதல்லயே இறங்கிப் பாக்கச் சொல்லியிருக்கணும். விசாரணை அறிக்கையில பெரிய ஆளுங்க கையெழுத்து இருக்குன்னு நம்பிட்டேன். இந்தத் தகட்ட மியூசியத்துக்குக் கேக்கலாமா?”

“இன்னும் மூணு கீழ கெடக்கு. அத எடுத்துக்கச் சொல்லுங்க.”

கணுக்கால்வரை கசிவு ஏறியிருந்தது. பிரிஜிட்டா தகட்டை எடுத்துச் சூசையிடம் நீட்டினாள்.

“இந்தா, தண்ணிய எற. அந்தக் கப்பல்ல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான்.”

சூசை இறைத்தான். ஒரு அள்ளுக்கு அரை வாளி வந்தது. வள்ளம் லேசாகி, பாம்பனைப் பார்த்து ஓடத் தொடங்கியது.