வாடாத ஆவாரை

மார்கழி கடைசி நாள் காலையில் எல்லா வாசலிலும் காப்புக் கொத்து தொங்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஆறு மணிக்கே மாரப்பன் கடையில் கூட்டம். வேப்பிலை, மாவிலை, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்து, நடுவில் ஆவாரங்கொப்பைச் செருகி, கற்றாழை நாரால் இறுக்கிக்கொண்டிருந்தார் அவர். மற்ற மூன்றும் அலங்காரம். ஆவாரைதான் சாட்சி.

சங்கதி இதுதான். முன்பு நகரத்தின் காற்றை மின்மானிகள் அளந்தன. எந்த மானியை எப்படிக் கவனித்தால் எந்த எண்ணைக் காட்டும் என்பது ஊருக்கே தெரிந்துபோன பிறகு, யாருக்கும் படியாத ஒன்றைத் தேடிய அரசு கடைசியில் இலையிடம் போய்ச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ‘சான்றாவாரை’யை உருவாக்கினார்கள். கொய்த பிறகும் எட்டு நாள் பச்சையாக நிற்கும். காற்றில் நஞ்சிருந்தால் மூன்றே நாளில் கறுத்துவிடும். எட்டாம் நாள் ஆய்வாளர் ஸ்கேனரோடு வருவார். கறுத்திருந்தால் வீட்டுக்குச் சீல், குடும்பத்துக்கு மலைக்குடியிருப்பில் ஓர் அறை. அந்த உத்தரவு இல்லாமல் மலைவாசல் யாருக்கும் திறக்காது.

வீட்டையும் தறியையும் விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? எல்லாரும் கறுக்காத கொத்தையே கேட்டார்கள். கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம்?

“அண்ணா, எனக்குக் கறுக்கிற கொத்து வேணுங்க.”

மாரப்பன் நிமிர்ந்தார். மூன்றாம் சந்து பூவாயி. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அது மூச்சை இழுக்கும்போது விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“காலங்காத்தால வெளையாடாத அம்மிணி. ரெண்டு வருசமா எங்கொத்து ஒண்ணாவது கறுத்ததுண்டா? போய் ஊரக் கேளு.”

“அதத்தானுங்க நானுஞ் சொல்றேன். ரெண்டு வருசமா உங்க கொத்து பச்சையாத் தொங்குது, எம்புள்ள உதடு நீலமாகுது. மூணாவதா இந்த வருசமும் பச்சைன்னா எங்கூட்ட நிலைவீடுன்னு முத்திரை குத்திருவாங்க. அப்பறம் ஆய்வும் இல்ல, மலையும் இல்ல.”

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். “ஊரே பச்சைக்கு அடிச்சுக்குது, இந்தம்மா கறுப்புக் கேட்டு வந்திருக்குது. கழிச்சுப் போட்டதக் குடுத்தனுப்புங்க மாமா!”

“வெந்நித் தண்ணியில முக்கிக் குடுத்தாக்கூடப் போதுங்கண்ணா.”

“ஸ்கேனர் காட்டிக் குடுத்துரும். மோசடின்னு எழுதிட்டான்னா மலைய மறந்துர வேண்டியதுதான்.”

“அப்ப ஆய்வுக்கூடத்துல குடுத்த பழைய ரகம்? ஒரு செடியாவது இருக்குமில்லீங்க?”

மாரப்பன் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடமாக அவர் செய்துவந்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. ஆய்வு முடிந்ததும் வீடு வீடாகப் போய், கடைசிவரை பச்சையாக நின்ற கொப்புகளை மட்டும் திரும்ப வாங்கி, நட்டுத் துளிர்க்க வைப்பார். கறுத்தவை அடுப்புக்குப் போகும். தாங்கிய செடியின் பிள்ளை, அந்தப் பிள்ளைகளிலும் தாங்கியதன் பிள்ளை. அவரைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் அப்படியே செய்தார்கள். மருந்து இல்லை, மெழுகு இல்லை. எந்த ஸ்கேனரும் குறை சொல்ல முடியாத சுத்தமான இயற்கைச் சரக்கு.

கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு அவளைப் பின்பக்க நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிடுங்க மறந்த நோஞ்சான் செடி ஒன்று நின்றது. இலை சிறுத்து, முனை பழுத்திருந்தது. அதன் கொப்பை ஒடித்து, கோயிலுக்குக் கூடக் காட்டாத கவனத்தோடு கட்டினார். தானே போய் அவள் நிலைவாசலில் தொங்கவிட்டார்.

“இது கறுக்குங்களாண்ணா?”

“கறுக்கும் அம்மிணி. பார்த்தாலே தெரியலையா, சீக்குப் புடிச்சது.”

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் சரக்கு கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார் மாரப்பன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தார். ஐந்தாம் நாளும் போனார். பழுத்த முனைகள் உதிர்ந்து, மீதி இலை எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. ஒரு மொட்டு விரிந்துகூட இருந்தது. நோஞ்சானானாலும் அதுவும் தாங்கிய செடியின் பிள்ளைதானே.

எட்டாம் நாள் ஆய்வாளர் ஸ்கேனரைக் கொப்பின்மேல் வைத்தார். தொண்ணூற்றெட்டு விழுக்காடு பசுமை. கதவில் நிலைவீட்டு முத்திரையை ஒட்டினார். தறி பிழைத்த சந்தோஷத்தில் பூவாயியின் கணவன் சென்னியப்பன் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தான். உள்ளே இழுத்துக்கொண்டிருந்த குழந்தையின் மூச்சைக் குறித்துக்கொள்ள ஆய்வாளரின் படிவத்தில் கட்டம் இல்லை.

“அருமையான கொத்துங்க. யாரு கட்டினது?” என்றார் அவர், வெல்லத்தை மென்றபடி. “அடுத்த வருசம் எங்க வீட்டுக்கும் ஒண்ணு சொல்லணும்.”

பூவாயி கையை நீட்டி, வாசலோரம் நின்ற மாரப்பனைக் காட்டினாள். ஆய்வாளர் அடுத்த வாசலுக்குப் போன பிறகும் அவள் அந்தக் கையை இறக்கவில்லை.