குளியலறைச் சன்னலில் ஒரு குரல்

ஹைதராபாத்தின் கூகட்பள்ளி குடியிருப்பில் அன்று சாயங்காலமும் கரண்ட் போனது. இருட்டில் கை கழுவப் போன மஹதி, குளியலறையிலேயே உறைந்து நின்றாள்.

உயரத்தில் இருந்த சின்னச் சன்னல் வழியாக ஒரு பெண் குரல் வந்தது. சன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் ஒடுக்கமான சந்து மட்டும்தான். அங்கே யாரும் நிற்கவே முடியாது.

"எஸ்டர்டே ஐ வாஸ் ஹியர்," என்றது குரல், மிக மெதுவாக. "நவ் ஐ ஆம் ஹியர். டுமாரோ ஐ வில் பீ ஹியர்."

விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டு அனிருத்துக்குப் பற்கள் தந்தியடித்தன.

"நேத்து இருந்துச்சாம், இப்பவும் இருக்காம், நாளைக்கும் இருக்குமாம்! பேய்தான் மஹதி!"

"நம்ம ஊர்ப் பேய் தெலுங்கிலதானே பேசும்?"

"இது இங்கிலீஷ் மீடியம்!" என்று கத்திக்கொண்டே அவன் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

அம்மாவும் அப்பாவும் ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை. மஹதிக்கும் ஓட ஆசைதான். கால்தான் நகரவில்லை.

குரல் மறுபடி தொடங்கியது. நடுவில் நின்றது. விசும்பியது. பிறகு முதலிலிருந்து, "எஸ்டர்டே..." என்றது. மஹதிக்குப் பிடரி சில்லிட்டது. ஆனாலும் பாவமாக இருந்தது. பேய் எதற்கு அழுகிறது?

திடீரென்று சந்துக்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சீறல் எழுந்தது. மஹதி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐயோ! எத்தனாவது விசில்னு மறந்துட்டேனே!" என்றது பேய், தமிழில்.

மஹதி கண்களைத் திறந்தாள். பேய்க்கு எதற்குக் குக்கர்?

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். கீழ்மாடிக்குத் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "கல்பகம் ஆன்ட்டி?"

இருட்டில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"யாருட்டயும் சொல்லிராத பாப்பா," என்றது குரல் கடைசியில். "வெள்ளிக்கிழமை எனக்கு மாதாப்பூர்ல ஒரு ஆபீஸ்ல இன்டர்வியூ. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார்லா? எனக்கும் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னு எல்லாரும் நெனைச்சிட்டு இருக்காவ. தப்பாப் பேசினா சிரிப்பாவ. அதான் பாத்ரூம்ல ஒளிஞ்சு படிக்கேன். யாராவது கேள்வி கேட்டாலே தொண்டை அடைச்சிருது."

மஹதி யோசித்தாள். "நான் இங்கேயிருந்தே கேள்வி கேட்கிறேன். நீங்க அங்கேயிருந்தே பதில் சொல்லுங்க. முகத்தைப் பார்த்தால்தானே பயம்?"

"நெசமாவா? சிரிக்காம கேப்பியா?"

"ஹவ்," என்றாள் மஹதி. ஹைதராபாத்தில் பிறந்தவளுக்கு 'ஆமாம்' என்பது அப்படித்தான் வரும். "எஸ்டர்டே என்ன சமைச்சீங்க?"

"எஸ்டர்டே ஐ... ஐ குக்டு சொதி."

"டுமாரோ?"

"டுமாரோ ஐ வில் குக்... வீட்டுல என்ன காய் கெடக்கோ அது!"

மஹதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது ஆன்ட்டிதான்.

அதன் பிறகு, கரண்ட் போனபோதெல்லாம் சந்துக்குள் இரண்டு குரல்கள் கேட்டன. பேய் தனக்குத் துணை பிடித்துவிட்டதாக அனிருத் ஊரெல்லாம் சொன்னான். மஹதி வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அனிருத் நெற்றி நிறைய விபூதியோடு தைரியமாக வந்து நின்றான். கரண்ட் போனது. சந்து அமைதியாகக் கிடந்தது. மஹதி சன்னலையே பார்த்தாள். வேலை கிடைக்கவில்லையோ?

"மஹதி!" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் கிளம்பியது. "ஐ காட் தி ஜாப்! மண்டே ஐ வில் கோ டு ஆபீஸ்!"

அனிருத் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "பேய்க்கு வேலை கிடைச்சிடுச்சா?"

"ஹவ்," என்றாள் மஹதி. "மாதாப்பூர்ல."